பத்து நாளைக்கு முன்பே சொல்லப்படும் புயல்

ஐப்பசி பிறந்ததும் நம் வியாபாரிகளின் கைப்பேசிகளுக்கு ஒரு படம் வந்து சேர்கிறது. வங்காள விரிகுடாவின் நடுவே நெருக்கமான வளையங்கள். அவற்றின் மத்தியில் சிவப்பும் ஊதாவுமாக ஒரு சுழி. அதன் கீழே, இன்ன தேதியில் நாகப்பட்டினம் அருகே கரையைக் கடக்கும், யாவருக்கும் அனுப்புங்கள் என்று இரண்டு வரி. தேதியைப் பார்த்தால் பத்து அல்லது பன்னிரண்டு நாட்கள் தள்ளி இருக்கும். சென்னையிலிருந்து பினாங்குக்கும், அங்கிருந்து கிள்ளானுக்கும், சிங்கப்பூர் சிராங்கூன் ரோட்டுக்கும் அந்தப் படம் ஒரு மணி நேரத்தில் வந்துவிடும்.

வந்ததும் என்ன நடக்கிறது? நாகூரிலோ முத்துப்பேட்டையிலோ அதிராம்பட்டினத்திலோ வயதான தாயாரை விட்டுவிட்டு வந்திருப்பவர் பதறுகிறார். ஊரில் கிடங்கு வைத்திருப்பவர் கடையைக் கவனிக்காமல் தொலைபேசியும் கையுமாக நிற்கிறார். வெங்காயமும் வற்றல் மிளகாயும் தருவிப்பவர், "இப்போதே விலையைச் சற்று ஏற்றி வைத்தால் என்ன?" என்று யோசிக்கிறார். குறிப்பிட்ட தேதி வருகிறது. பெரும்பாலும் அன்றைக்கு நாகையில் வெயில் அடிக்கிறது. "இந்த வானிலைக்காரர்களே இப்படித்தான்" என்று சொல்லிவிட்டு யாவரும் மறந்து விடுகிறோம். உண்மையான எச்சரிக்கை வரும்போதும் அதே வார்த்தையைச் சொல்கிறோமே, கெடுதல் அங்கேதான் இருக்கிறது.

அந்தப் படம் எப்படி உண்டாகிறது, அதில் எவ்வளவு உண்மை, எவ்வளவு அனுமானம் என்பதை வியாபாரிகள் தெரிந்துகொள்வது அவசியம். கணக்குப் புத்தகம் பார்க்கத் தெரிந்தவருக்கு இது கடினமான பாடமன்று.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக் கொள்வோம். படத்தில் இருக்கும் புயல் கடலில் இல்லை. விண்கோள் எடுத்த புகைப்படம் வேறு, இது வேறு. இது கணினி போட்ட கணக்கின் விடை. இன்றைக்கு உலகமெங்கும் காற்று எந்தத் திசையில் எவ்வளவு வேகத்தில் வீசுகிறது, அழுத்தம் என்ன, வெப்பம் என்ன, ஈரம் என்ன என்பவற்றை விண்கோள்களும் கப்பல்களும் விமானங்களும் பலூன்களும் அளந்து தருகின்றன. பூமி முழுவதையும் சிறு சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் இந்த எண்களை எழுதி, இயற்பியல் விதிகளின்படி அடுத்த சில நிமிஷங்களில் அவை எப்படி மாறும் என்று கணக்கிடுகிறார்கள். அந்த விடையை வைத்து அதற்கடுத்த சில நிமிஷங்கள். பிறகு அதற்கும் அடுத்தவை. இப்படியே பத்து நாள், பதினாறு நாள் வரை ஓட்டிச் செல்கிறார்கள். இதற்குத்தான் வானிலை மாதிரி என்று பெயர். ஜோசியத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இன்றைய இருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நாளைய இருப்பைத் தேடும் கணக்கு இது.

இந்த எண்ணம் புதிதன்று. ரிச்சர்ட்சன் என்ற ஆங்கிலேயர் முதல் உலக யுத்தத்தின்போது பிரான்ஸில் காயம்பட்டவர்களை ஏற்றிச் செல்லும் வண்டி ஓட்டிக்கொண்டே, கையால் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தார். ஆறு மணி நேரத்து வானிலையைக் கணக்கிட அவருக்கு ஏறக்குறைய ஆறு வாரம் பிடித்தது. விடையும் பெருந்தவறாக வந்தது. அழுத்தம் 145 மில்லிபார் ஏறும் என்றது கணக்கு. உண்மையில் அது அசையவே இல்லை எனலாம். ஆனாலும் அந்த மனிதர் வெட்கப்பட்டு ஒளிக்காமல் 1922-ல் புத்தகமாகவே அச்சிட்டு விட்டார். பிற்காலத்தவர் அவர் போட்ட பாதையில்தான் நடந்தார்கள். ஐரோப்பிய நாடுகள் பல சேர்ந்து நடத்தும் நடுத்தர கால வானிலை நிலையம் 1979 முதல் பல நாட்களுக்கான முன்னறிவிப்பைத் தந்து வருகிறது. அமெரிக்காவின் மாதிரி நாளொன்றுக்கு நான்கு முறை, பதினாறு நாள் தூரம்வரை ஓட்டப்படுகிறது. கைப்பேசிகளில் சுற்றும் படங்களில் அநேகம் இந்த அமெரிக்க மாதிரியிலிருந்து எடுத்தவையே. காரணம், அது யாவருக்கும் இலவசமாகக் கிடைக்கிறது.

நாளொன்றுக்கு நான்கு என்றால் மாதத்துக்கு 120 கணக்குகள். ஒவ்வொன்றும் பதினாறு நாள் நீளம். இத்தனை படங்களைப் புரட்டினால் எங்கேனும் ஒரு புயல் அகப்படாமலா போகும்? தூர நாட்களில் இல்லாத புயலைக் கிளப்பிவிடும் வழக்கம் இந்த மாதிரிக்கு உண்டு என்பது வானிலைக்காரர்கள் நன்கு அறிந்த விஷயம். ஆகவே, வெறும் கடலைக் காட்டும் நூறு படங்களை ஒருவரும் நமக்கு அனுப்புவதில்லை. சுழி தெரியும் ஒரு படமே அனுப்பப்படுகிறது. பேரேட்டில் வரவுப் பக்கத்தை மட்டும் கிழித்துக் காட்டி, "என் கடை எவ்வளவு லாபம் பார்" என்று சொல்வதைப் போன்றது இது.

சரி, கணினி இவ்வளவு வேகமாகக் கணக்கிடுகிறதே, பத்து நாள் தள்ளி ஏன் தவறுகிறது? இங்கேதான் நம் கணக்குக்கும் வானத்தின் கணக்குக்கும் வித்தியாசம்.

கடையில் கணக்கப்பிள்ளை ஒரு வரியில் இரண்டு காசை விட்டுவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டு முடிவில் ஐந்தொகை போடும்போது இரண்டு காசுதான் இடிக்கும். அது இரண்டாயிரம் வெள்ளியாக வளர்ந்து நிற்பதில்லை. வானிலைக் கணக்கில் அது வளரும். இதை 1961-ல் எட்வர்ட் லோரன்ஸ் என்ற அமெரிக்க விஞ்ஞானி தற்செயலாகக் கண்டுபிடித்தார். முன்பு ஓட்டிய ஒரு கணக்கை நடுவிலிருந்து திரும்ப ஓட்ட விரும்பி, கணினி அச்சிட்டிருந்த எண்ணை எடுத்துக் கொடுத்தார். கணினிக்குள் இருந்த எண் 0.506127, அச்சிட்ட தாளில் இருந்ததோ 0.506. விட்டது அற்பம். கொஞ்ச தூரம் இரண்டு கணக்கும் ஒன்றாகவே ஓடின. பிறகு சிறிது சிறிதாக விலகி, கடைசியில் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத இரண்டு வானிலைகளாகிவிட்டன. 1963-ல் அவர் இதைக் கட்டுரையாக வெளியிட்டார். கடலின் நடுவே அளவெடுக்க முடியாத ஓரிடத்தில் காற்றின் வேகம் சிறிது தவறிப் போனாலும், பத்தாம் நாள் அந்தச் சிறு தவறு ஒரு புயலை உண்டாக்கவும் கூடும், ஒரு புயலை இல்லாமற் செய்யவும் கூடும். இரண்டு வாரத்துக்கு அப்பால், இன்ன நாளில் இன்ன இடத்தில் என்று வானிலையைச் சொல்வது ஏறக்குறைய இயலாது என்பதே இன்றளவும் விஞ்ஞானிகளின் முடிவு. 2025 முதல் ஐரோப்பிய நிலையம் செயற்கை நுண்ணறிவால் ஓடும் மாதிரியையும் நடைமுறைக்குக் கொண்டுவந்திருக்கிறது. அதனால் வேகமும் திறமையும் கூடியிருக்கின்றன. இந்த எல்லை நீங்கிவிடவில்லை.

இதற்கு விஞ்ஞானிகள் கண்ட பரிகாரம் வியாபாரிகளுக்கு மிகவும் பிடிக்கும். ஒரு கணக்கை நம்ப முடியாதென்றால் பல கணக்குப் போடு என்றார்கள். ஆரம்ப எண்களை வேண்டுமென்றே சற்றுச் சற்று மாற்றி, ஐரோப்பிய நிலையம் ஒரே தடவையில் 51 கணக்குகளை ஓட்டுகிறது, அமெரிக்கர் 31. ஒரு சரக்கின் விலையை ஒரே தரகரிடம் கேட்டு ஏமாறாமல் ஐம்பது பேரிடம் விசாரிப்பதைப் போல இது. ஐம்பத்தொரு கணக்கில் நாற்பது ஒரே கடற்கரையைக் காட்டினால் விஷயம் தீவிரம். மூன்று மட்டும் காட்டினால், நமக்கு வந்த படம் அந்த மூன்றில் ஒன்று என்று கொள்ளலாம். தெரிந்துகொள்ள வேண்டியது படத்தின் பயங்கரத்தை அன்று. எத்தனை கணக்குகள் அதற்குச் சாட்சி சொல்கின்றன என்பதை.

எந்த நிலையத்தை நம்புவது என்ற கேள்வியும் எழும். அமெரிக்காவின் கிழக்குக் கரையில் நடந்த இரண்டு நிகழ்ச்சிகள் இதற்குப் பதில் சொல்லும். 2012 அக்டோபரில் 'சாண்டி' புயல் அட்லாண்டிக் கடலில் வடக்கே சென்றுகொண்டிருந்தது. ஒரு வாரம் முன்பே ஐரோப்பிய மாதிரி, அது இடப்புறம் திரும்பி நிலத்தைத் தாக்கும் என்றது. அமெரிக்க மாதிரியோ பல நாட்கள்வரை அது கடலுக்குள்ளேயே போய்விடும் என்று சொல்லிக்கொண்டிருந்தது. அக்டோபர் 29 அன்று சாண்டி நியூ ஜெர்சிக் கரையில் ஏறியது. நியூயார்க் நகரத்தின் சுரங்க ரயில் பாதைகளில் கடல் நீர் புகுந்தது. அன்று முதல் ஐரோப்பியர் சொல்வதே வேதவாக்கு என்று பலர் எண்ணினார்கள். 2015 ஜனவரி 26, 27-ல் அதே ஐரோப்பிய மாதிரி, நியூயார்க் நகரத்தின்மேல் இரண்டடிக்கு மேல் பனி கொட்டும் என்றது. நகரத்தையே மூடினார்கள். நகரின் மத்தியில் விழுந்ததோ பத்து அங்குலம் அளவே. பெரும் பனி சற்றுக் கிழக்கே தள்ளி விழுந்துவிட்டது. அமெரிக்க மாதிரி அன்றைக்கு உண்மைக்கு அருகில் இருந்தது. ஒரு தடவை ஜெயித்த மாதிரியைக் கண்மூடி நம்புவதும், ஒரு தடவை தோற்றதைத் தள்ளிவிடுவதும் சரியான வியாபாரமாகாது.

இனி நம் கடலுக்கு வருவோம்.

இந்து மாக்கடலின் வடபகுதியில் ஆண்டொன்றுக்குச் சராசரி ஐந்து புயல்கள் உண்டாகின்றன. அவற்றில் நான்கு வங்காள விரிகுடாவில். தமிழ்நாட்டுக் கரைக்கு ஆபத்தான காலம் அக்டோபர் முதல் டிசம்பர்வரை. அந்த நான்கில் பல ஆந்திராவுக்கோ ஒரிஸாவுக்கோ வங்காளத்துக்கோ பர்மாவுக்கோ போகின்றன. சில கடலிலேயே அடங்கிவிடுகின்றன. தமிழ்நாட்டின் ஒரு குறிப்பிட்ட ஊரை ஒரு குறிப்பிட்ட ஆண்டில் புயல் நேராகத் தாக்குவது அபூர்வம். பத்து நாள் படத்தைப் பார்க்கும்போது இதை முதலில் நினைவில் வைக்க வேண்டும்.

2016-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். நவம்பர் கடைசியில் 'நாடா' என்ற புயல் நாகைப் பக்கம் வருகிறதென்று எங்கும் பேச்சு. அது கரையை நெருங்கும்போதே வலுவிழந்து, டிசம்பர் 2 அதிகாலையில் வெறும் தாழ்வு மண்டலமாகக் காரைக்கால், நாகைப் பகுதியில் கரை ஏறியது. இதைப் பார்த்து, "எல்லாம் வீண் கூச்சல்" என்று முடிவு கட்டியவர் பத்தே நாளில் தவறிப்போனார். டிசம்பர் 12 பிற்பகல் 'வர்தா' சென்னையின்மேல் நேராக வந்து, ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்துவிட்டுப் போனது. ஒரு புயல் பொய்த்ததற்கும் அடுத்த புயல் மெய்யாவதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

நம்மவர்களில் அநேகருக்கு மறக்க முடியாதது 2018-ன் 'கஜா'. நவம்பர் 11 அன்று இந்திய வானிலை ஆராய்ச்சித் துறை, இது கடலூருக்கும் ஸ்ரீஹரிகோட்டாவுக்கும் இடையே கரை கடக்கும் என்று அறிவித்தது. அதாவது வட தமிழ்நாடு. புயல் கரையேற இன்னும் நான்கு, ஐந்து நாட்கள் இருந்தன. அடுத்து வந்த அறிக்கைகளில் பாதை தெற்கே இறங்கியது. கடலூருக்கும் பாம்பனுக்கும் இடையே என்றார்கள். கடைசியில் 16-ம் தேதி நள்ளிரவுக்குப் பின் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே, மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் கரையேறியது. வேதாரண்யம், முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம், பட்டுக்கோட்டை, பேராவூரணி வட்டாரங்களின் தென்னந்தோப்புகள் ஒரே இரவில் படுத்தன. பிள்ளைகளின் கல்யாணச் செலவுக்கும் படிப்புக்கும் அந்தத் தோப்புகளை நம்பியிருந்த குடும்பங்கள் எத்தனையோ.

கடலில் இருப்பது கண்ணுக்குத் தெரிந்து, நாட்டின் வானிலைத் துறையே கவனித்துக்கொண்டிருந்த புயலுக்குக்கூட, ஐந்து நாள் தூரத்தில் கரையேறும் இடம் இருநூறு கிலோமீட்டர் தெற்கே நகர்ந்திருக்கிறது. இன்னும் பிறக்காத புயலுக்குப் பத்து நாள் முன்பே "நாகப்பட்டினம்" என்று ஊர்ப் பெயர் எழுதுபவரின் துணிச்சலை என்னவென்பது! சமீப ஆண்டுகளில் இந்தியத் துறையின் பாதைக் கணிப்பில் சராசரித் தவறு, ஒரு நாள் முன்னால் சுமார் 75 கிலோமீட்டர்; இரண்டு நாள் முன்னால் நூறைத் தாண்டும்; மூன்று நாள் முன்னால் நூற்றைம்பதை ஒட்டும். கடலூருக்கும் நாகைக்கும் இடையே நேர்கோட்டில் நூறு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம் என்பதை இதோடு வைத்துப் பாருங்கள்.

ஆனால் அதே கஜாவில் முன்னறிவிப்பு செய்த உபகாரத்தையும் சொல்ல வேண்டும். கரையேறும் முன்பே எண்பதினாயிரம் பேரளவில் முகாம்களுக்கு அப்புறப்படுத்தப்பட்டார்கள். 1977 நவம்பர் 12-ல் இதே நாகைக் கரையைத் தாக்கிய புயலில் இறந்தவர்கள் ஐந்நூறுக்கும் அதிகம். கஜாவில் உயிரிழப்பு பத்துகளில் நின்றது. காற்று தென்னையை விடவில்லை; ஜனங்களை முன்கூட்டியே எழுப்ப முடிந்தது. இரண்டு நாள், மூன்று நாள் அறிவிப்பை ஏளனம் செய்பவர்கள் இந்த வித்தியாசத்தை யோசிக்க வேண்டும்.

'ஃபெஞ்சல்' இன்னொரு பாடம். 2024 நவம்பர் 28 அன்று, அது புயலாக மாறாமலே கரை கடக்கலாம் என்ற அறிவிப்பு வந்தது. மறுநாளே புயலாகிப் பெயர் பெற்றது. 30-ம் தேதி இரவு புதுச்சேரி அருகே கரையேறி, நகராமல் அங்கேயே தயங்கி நின்று, புதுச்சேரியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. பிறகு உள்நாட்டில் விழுப்புரம், திருவண்ணாமலை ஜில்லாக்களில் வெள்ளம். கரையேறும் இடம் என்று படத்தில் காட்டும் புள்ளியை மாத்திரம் பார்த்து, "நம் ஊருக்கு வெகு தூரம்" என்று நிம்மதி அடைந்தவர்களுக்கு அந்த வெள்ளமே பதில்.

அப்படியானால் பத்து நாள் முன்பு ஒன்றுமே சொல்ல முடியாதா? முடியும்; ஆனால் வேறு விதமாகச் சொல்ல வேண்டும். ஊரையும் தேதியையும் சொல்ல முடியாது. காலம் எப்படி என்பதைச் சொல்லலாம். பூமத்திய ரேகையை ஒட்டி மேகக் கூட்டமொன்று மேற்கிலிருந்து கிழக்காகச் சுற்றி வருகிறது. 30 முதல் 60 நாட்களுக்கு ஒருமுறை அது திரும்ப வரும். மேடன், ஜூலியன் என்ற இரு அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் 1971-ல் இதை எடுத்துக் காட்டினார்கள். அந்தக் கூட்டம் இந்து மாக்கடலின்மேல் இருக்கும் வாரங்களில், கடலும் வெப்பமாக இருந்தால், வங்காள விரிகுடாவில் புயல் பிறக்க அனுகூலம் அதிகம். இதையும் பல மாதிரிகளையும் சேர்த்துப் பார்த்து, இந்தியத் துறை வாரந்தோறும் வியாழக்கிழமை, வரும் இரண்டு வாரத்துக்கான புயல் உருவாக்க அறிக்கை ஒன்றை வெளியிடுகிறது. அதில் ஊர்ப் பெயர் இராது. "இந்த வாரம் விரிகுடாவின் தென்பகுதியில் தாழ்வு மண்டலம் உண்டாக வாய்ப்பு குறைவு" அல்லது "நடுத்தரம்" என்ற மாதிரி வறட்சியான வாக்கியமே இருக்கும். படிப்பதற்கு ருசியில்லை. உண்மை பெரும்பாலும் அப்படித்தான் இருக்கிறது.

இந்த வாய்ப்பு என்ற எண்ணை வைத்து வியாபாரி என்ன செய்வது? இதற்கென்றே வானிலைக்காரர்கள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். நம் முன்னோர்கள் பேர் சொல்லாமல் செய்துவந்த கணக்கும் அதுவே. முன்னெச்சரிக்கைக்கு ஆகும் செலவை, செய்யாவிட்டால் வரும் நஷ்டத்தால் வகுத்துப் பாருங்கள். வாய்ப்பு அந்த விகிதத்தைத் தாண்டினால் செலவு செய்வது லாபம். தாண்டாவிட்டால் பொறுத்திருப்பது லாபம்.

உதாரணமாக, முத்துப்பேட்டையில் ஒருவரின் கிடங்கில் நனைந்தால் 6,000 வெள்ளி நஷ்டமாகக் கூடிய சரக்கு இருக்கிறதென்று வைப்போம். மூட்டைகளைத் தரையிலிருந்து பலகைமேல் ஏற்றி, கூரை ஓட்டைச் சரிபார்த்து, தார்ப்பாய் வாங்கி வைக்க 300 வெள்ளி ஆகிறது. முந்நூறை ஆறாயிரத்தால் வகுத்தால் நூற்றுக்கு 5. சரக்கு முழுவதையும் லாரி பிடித்துத் திருச்சிக்குக் கொண்டுபோய் வைக்க 3,000 வெள்ளி ஆகிறது. அதற்கு விகிதம் நூற்றுக்கு 50. இப்போது பத்து நாள் முன்னால் 51 கணக்குகளில் நான்கு மட்டும் அந்தக் கரையைக் காட்டுகின்றன. நூற்றுக்கு ஏறக்குறைய 8. பலகையும் தார்ப்பாயும் வாங்கலாம். லாரிக்குச் சொல்லக் கூடாது. மூன்று நாள் முன்னால் அதே கரையை முப்பது கணக்குகள் காட்டினால் நூற்றுக்கு 59 ஆகிறது. லாரிக்குச் சொல்லிவிட வேண்டியதுதான். (லாரி அன்றைக்குக் கிடைக்குமா என்பது வேறு, ஆகையால் லாரிக்காரரின் தொலைபேசி எண்ணைப் பத்து நாள் முன்பே வாங்கி வைப்பது செலவில்லாத காரியம்.) காப்புறுதிப் பத்திரத்தில் புயலும் வெள்ளமும் சேர்ந்திருக்கிறதா என்று படித்துப் பார்ப்பதற்கும் காசு ஆவதில்லை. எச்சரிக்கை வந்தபின் புதிய காப்புறுதி கிடைக்காமற் போகலாம்.

இந்தக் கணக்கு சரக்குக்கு மட்டுமே. வீட்டிலிருக்கும் பெரியவர்களையும் குழந்தைகளையும் கடலுக்குச் செல்லும் மீனவர்களையும் வெள்ளிக் கணக்கில் வைக்கக் கூடாது. அரசாங்கம் வெளியேறச் சொன்னால், புயல் திசை மாறிவிடக்கூடும் என்று தெரிந்தாலும் வெளியேற வேண்டும். ஒரு இரவு பள்ளிக்கூடத்தில் படுத்திருந்துவிட்டு வீடு திரும்புவது நஷ்டமாகாது.

விலையேற்றுவதைப் பற்றி ஒரு வார்த்தை. பத்து நாள் தள்ளிய படத்தைக் காட்டி, "ஊரில் புயல், சரக்கு வராது" என்று சொல்லி இங்கே விலையைக் கூட்டுவது நம் சந்தைகளில் உண்டு. இல்லையென்று சொல்வதற்கில்லை. உண்டாகாத புயலின் பேரில் ஏற்றிய விலையை, அது உண்டாகாமற் போனபின் யாரும் இறக்குவதாகக் காணோம். வாங்குபவர்களும் இப்போது கைப்பேசி வைத்திருக்கிறார்கள். தேதி கடந்ததும் அவர்களும் நாகை வெயிலைப் பார்ப்பார்கள். கைமாறாகப் போவது அந்தக் கடையின் நாணயம்.

படம் வந்தால் சோதிக்கும் முறை சுலபம். கணக்கு எந்த நாளில் ஓட்டப்பட்டது, எந்த நாளைக் காட்டுகிறது என்ற இரண்டு தேதிகளும் படத்தின் ஓரத்தில் இருக்க வேண்டும். ஓரம் வெட்டப்பட்டிருந்தால் அத்துடன் விட்டுவிடலாம். இரண்டுக்கும் இடையே ஏழு நாளுக்கு மேல் இருந்தால் அது வெறும் சாத்தியம். அடுத்தது பெயர். நம் கடலில் காற்றின் வேகம் மணிக்கு 62 கிலோமீட்டரை எட்டிய பின்பே புது டில்லி வானிலை நிலையம் புயலுக்குப் பெயர் சூட்டும். பெயர்ப் பட்டியல் முன்பே வெளியாகி இருப்பதால், பிறக்காத பிள்ளைக்குப் பெயர் வைத்துச் செய்தி பரப்புகிறவர்கள் இருக்கிறார்கள். பத்து நாள் தள்ளி வரும் புயலுக்குப் பெயரும் சேர்ந்து வந்தால் அது கலப்படச் சரக்கு என்று ஒதுக்கிவிடலாம். மெய்யான அறிவிப்புகள் படிப்படியாக வரும்: 72 மணி நேரத்துக்கு முன் கவனிப்பு அறிக்கை, 48 மணி நேரத்துக்கு முன் உஷார் அறிக்கை, 24 மணி நேரத்துக்கு முன் எச்சரிக்கை. செலவு பிடிக்கும் காரியங்களை இந்தப் படிகளோடு பொருத்திக்கொண்டால் தவறு குறையும்.

இதெல்லாம் ஊர் விவகாரம், மலாயாக் கரைக்கு இது பொருந்தாது என்று யாரும் இருந்துவிட வேண்டாம். பூமத்திய ரேகைக்கு இவ்வளவு அருகில் பூமியின் சுழற்சி காற்றைச் சுழற்றும் வலு மிகக் குறைவு. ஆகவே இங்கே புயல் உண்டாகாது என்று பாடப் புத்தகங்களிலேயே எழுதியிருந்தார்கள். 2001 டிசம்பர் 27 அன்று 'வாமெய்' என்ற புயல், ரேகைக்கு வடக்கே ஒன்றரை டிகிரி தூரத்தில், சிங்கப்பூருக்கு வடகிழக்கே ஜொகூரின் தென்கிழக்குக் கரையில் ஏறியது. ஜொகூரிலும் பகாங்கிலும் வெள்ளம். 2025 நவம்பர் கடைசியில் மலாக்கா நீரிணையிலேயே 'சென்யார்' உண்டாகி வட சுமத்திராவில் பேரழிவு விளைவித்தது. அபூர்வம் என்பதற்கு இல்லையென்று பொருளில்லை. மலேசிய வானிலைத் துறையும் சிங்கப்பூர் வானிலைச் சேவை நிலையமும் இதைக் கவனித்து வருகின்றன. டிசம்பர் மாதத்தில் கிழக்குக் கரைக்குச் சரக்கு அனுப்புகிறவர்கள் அவற்றின் அறிக்கைகளைப் பார்ப்பது நலம்.

ஊர்க் கடலுக்கு இந்தியத் துறையின் இரண்டு வார அறிக்கை வியாழக்கிழமை வெளியாகிறது என்று மேலே சொன்னோம். படம் ஞாயிற்றுக்கிழமை வந்தால் நான்கு நாள் பொறுத்து, வியாழன் அறிக்கையோடு சேர்த்துப் பார்க்கலாம். பத்து நாள் தள்ளிய புயலுக்கு அந்த நான்கு நாள் தாமதத்தால் கெடுவது ஒன்றுமில்லை. பலகையும் தார்ப்பாயும் வேண்டுமானால் ஞாயிற்றுக்கிழமையே சொல்லி வைத்துவிடலாம்.